முப்பத்திநாலு பல்லு

முதல் தடவை கடுகண்ணாவ ஏற்றத்தில் நான் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளினேன்.

செமஸ்டர் லீவு முடிந்து கம்பஸ் திறக்கிற கிழமை அது. கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து பேராதனைக்கு சைக்கிளிலேயே போவது எண்டு முடிவெடுத்திருந்தேன். கண்டி வீதியால் நூற்றிச் சொச்சம் கிலோமீற்றர். உடுப்புப் பையை பஸ்ஸில் போன நண்பனிடம் கொடுத்துவிட்டு, விடிய நாலரைக்கு வெளிக்கிட்டேன். நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை எல்லாம் ஒரு மாதிரித் தாண்டியாச்சு. மாவனெல்லைக்கு அங்கால் வீதி மலையைச் சுற்றி ஏறத் தொடங்கியதும் கதை மாறிவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் எழும்பி நிண்டு முழு உடம்பாரத்தையும் பெடலில் போட வேண்டியிருந்தது. மூன்றாவது வளைவில் முழங்கால் ‘போதும்’ எண்டது. பக்கத்தால் போன லொறியிலிருந்து யாரோ கூவினார்கள். பிறகு உச்சி வரைக்கும் தள்ளல்தான்.

அந்தச் சைக்கிளுக்கு என்னைவிட வயது கூட. எண்பதுகளில் செய்த இங்கிலாந்து றேசிங் சைக்கிள். முன்னுக்கு இரண்டு பற்சில்லு, பின்னுக்கு ஆறு. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்த காலம், பக்கத்து அறைக்காரர் ஒருவருக்கு கனடா விசா சரிவந்தது. போகிற அவசரத்தில் அவர் இதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். “பாதி விலைக்கு, பாதி நம்பிக்கைக்கு” எண்டு அப்பா சொல்வார். 2022 இல் பெற்றோல் வரிசை நாள்கணக்கில் நீண்டபோது, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக் கடை வேலைக்கு அவர் இதில்தான் போய் வந்தார். அவருக்கு அது புதிசில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணம் முழுக்க சைக்கிளில்தானே ஓடியது. கரண்ட் இல்லாமல், சைக்கிள் தைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஆட்கள் அவர்கள்.

ஆனால் யாழ்ப்பாணம் தட்டை. வெள்ளவத்தையும் தட்டை. கொட்டாஞ்சேனையில் சென் லூசியாஸ் தேவாலயப் பக்கம் இருக்கிற சின்ன மேட்டைவிட, இந்தச் சைக்கிள் ஏற்றம் எண்டு ஒண்டைப் பெரிசாகக் கண்டதே இல்லை.

பிழை காலிலா, சைக்கிளிலா? ஹொஸ்டலில் இருந்து கணக்குப் பார்த்தேன். கலைப்பீடத்துக்காரனுக்கும் விளங்கும் கணக்குத்தான். முன் சின்னச் சில்லில் 42 பல்லு, பின் பெரிய சில்லில் 24. பெடலை ஒருக்காச் சுற்றினால் பின் சில்லு 42 ஐ 24 ஆல் பிரித்தளவு, அதாவது 1.75 தடவை சுற்றும். 27 அங்குலச் சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 2.15 மீற்றர். ஆகவே ஒரு மிதிக்கு 3.8 மீற்றர் போகும். காலி வீதியில் அது சொர்க்கம். கடுகண்ணாவையில், ஒவ்வொரு மிதிக்கும் என்னையும் சைக்கிளையும் 3.8 மீற்றர் மலையில் தூக்கு எண்டு முழங்காலைக் கேட்கிற வேலை.

பின்னுக்கு 34 பல்லு போட்டால் அது 2.7 மீற்றராகக் குறையும். மலை அதே மலைதான், மொத்த வேலையும் அதேதான். கூடத் தடவை சுற்ற வேணும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் தேவைப்படும் பலம் கிட்டத்தட்ட 30 வீதம் குறையும்.

இதை அப்பாவிடம் சொன்னேன்.

“கால் காணாது எண்டா காலைப் பழக்கு. சைக்கிளில கை வைக்காத. அது ஒரிஜினல் சாமான்.”

கோபம் வந்தது. பிறகு வாசிக்கும்போதுதான் தெரிந்தது, அப்பா தனி ஆள் இல்லை எண்டு. 1903 இல் டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்சும் இதே கட்சிதான். கியர் மாற்றுவது நாற்பத்தைந்து வயது தாண்டினவர்களுக்கு உரியது, வீரன் தசையால் வெல்ல வேணும் எண்டு அவர் எழுதினார். அதனால் அந்தக் காலத்து வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சில்லைக் கழற்றி, மறுபக்கத்தில் இருக்கும் பெரிய பல்லுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். 1937 இல்தான் அந்தப் பிடிவாதம் தளர்ந்தது. இண்டைக்கு அந்தப் போட்டியில் மலை ஏறுகிற ஒருவரும் கியர் மாற்ற வெட்கப்படுவதில்லை.

இந்த இடத்தில் எனக்கு வேறொரு கதையும் ஞாபகம் வந்தது. ஏ.எல்லில் நான் முதலில் எடுத்தது உயிரியல். வீட்டில் எல்லாருக்கும் மெடிசின் கனவு. முதல் தடவை காணாது. இரண்டாம் தடவையும் காணாது. “இன்னும் கொஞ்சம் முயற்சி செய்” எண்டார்கள். மூன்றாம் தடவை கலைப்பிரிவுக்கு மாறி கம்பஸ் கிடைத்தது. சொந்தக்காரர் கேட்டது: “ஆட்ஸா? சரி, ஏதோ ஒண்டு கிடைச்சுதே.” கலைப்பீடம் லேசு எண்டு நான் சொல்லவரவில்லை, இங்கே வாசிக்கிற வாசிப்பை வந்து பார்த்தால் தெரியும். நான் சொல்வது, பொருந்தாத பல்லில் இரண்டு வருசம் எழும்பி நிண்டு மிதித்ததைப் பற்றி. அப்போதும் எல்லாரும் பிழை சொன்னது காலைத்தான்.

அப்பா கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: கழற்றுகிற ஒண்டையும் எறியக்கூடாது.

கொழும்பில் சைக்கிள் சாமான் எண்டால் டாம் வீதி. அங்கே ஒரு கடையில் நானா சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “முன் சில்லைத் தொட வேணாம் மகன், பின்னால மட்டும் பாப்பம்” எண்டார். மௌன்டன் பைக்குக்கு வரும் ஏழு பல்லு பிரீவீல் ஒண்டை எடுத்தார். 14 இலிருந்து 24 வரைக்கும் இரண்டிரண்டாக ஒழுங்காகப் போய், கடைசியில் ஒரேயடியாக 34 க்குத் தாவும் சாமான். பழைய ஆறு பல்லு இருந்த இடைவெளிக்குள்ளேயே அது இருந்தது.

கழற்றுவதுதான் பாடு. பிரீவீல் மறையில் பூட்டுகிற சாமான்; மிதிக்க மிதிக்க அது இன்னும் இறுகும். அப்பாவின் இத்தனை வருச மிதியும் அந்த மறைக்குள் இருந்தது. நானா கழற்றியை வைஸில் இறுக்கி, சில்லை அதன் மேல் கவிழ்த்துப் போட்டு, ரயரை இரண்டு கையாலும் பிடித்து ஸ்டியரிங் மாதிரித் திருப்பினார். மூன்றாவது தரம் ‘டக்’ எண்டு விட்டது.

பழைய டிரெய்லியர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல்லு தள்ளும் கை, 34 க்கு எட்டவில்லை. நீளக் கை உள்ள மலிவான ஒண்டு போட்டோம். எங்கட சைக்கிளில் கியர் நெம்புகோல் ‘கிளிக்’ இல்லாத பழைய வகை. கை உணர்ந்து இழுக்கிறது. அதனால் எந்த டிரெய்லியரோடும் ஒத்துப்போகும். பழசாக இருப்பதில் ஒரு லாபம். செயினும் புதிசு, நீளமானது. முன்னும் பின்னும் பெரிய சில்லுகளில் போட்டாலும் செயின் காண வேணும். காணாவிட்டால், ஒருநாள் மறந்துபோய் அப்படி மாற்றும்போது டிரெய்லியரையே பிய்த்துவிடும். இதைச் செய்ய நினைக்கிற ஆக்கள் அந்த ஒண்டை மட்டும் மறக்காதீங்கோ.

இரண்டாம் தடவை போன மாதம் போனேன். அடிவாரத்தில் நெம்புகோலை இழுத்தேன். செயின் கொஞ்சம் முனகி 34 இல் ஏறியது. வேகம் எண்டு சொல்ல ஒண்டுமில்லை, ஓடுகிற ஆள் என்னைத் தாண்டிப் போகலாம். வேர்வை அதே வேர்வை. ஆனால் இருக்கையை விட்டு எழும்பத் தேவை வரவில்லை. தண்ணி குடிக்க ஒருக்கா நிண்டேன். தள்ளவில்லை. இந்த மலையில் ரயில் பாதையே 45 க்கு 1 எண்ட சரிவில்தான் ஏறுகிறது. ஒரு காலம் ரம்புக்கனையில் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சினைப் பூட்டித் தள்ளுவார்களாம். அந்த ரயிலைப் பார்த்து யாரும் கூவியிருக்க மாட்டார்கள்.

குடைந்த பாறையைத் தாண்டி, இந்த வீதியைப் போட்ட டோசனுக்கு 1832 இல் கட்டிய கோபுரத்தடியில் நிண்டு வீட்டுக்கு எடுத்தேன்.

“ஏறிட்டியே?”

“ஓம் அப்பா.”

“எந்தப் பல்லில?”

“முப்பத்திநாலில.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பழைய பிரீவீலை அவர் மண்ணெண்ணெயில் கழுவி, பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார் எண்டு அம்மா முதலே சொல்லியிருந்தா.

“சரி. இனி இறக்கம். பிரேக்கைப் பாத்துப் பிடி, அந்த றப்பர் பழசு. அடுத்த முறை வரேக்க அதையும் மாத்துவம்.”