எண்ணெயில் எள் இல்லாவிட்டாலும்

சென்ற ஆண்டு நான் செய்த ஒரு பிழையைப் பதிவு செய்ய வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ஆய்வுக்கருவிகளை உருவாக்கும் நண்பர்களுக்கு அது பயன்படக்கூடும்.

என் முனைவர் பட்ட ஆய்வு கோண்டி மொழியின் வினைச்சொற்களைப் பற்றியது. அதற்காக ஓர் உருபனியல் பகுப்பாய்வியைப் பராமரித்து வருகிறேன். சொற்பட்டியலும் இலக்கண விதிகளும் தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். அவற்றைத் தொகுத்து இயங்கும் கருவியாக்கும் பணியை 'மேக்' என்னும் நிரல் செய்துவந்தது. எனக்கு முன்பிருந்தவர்கள் எழுதிய மேக்ஃபைல் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, ஒரு கோப்பைத் திருத்தினால் எவற்றை மீண்டும் தொகுக்க வேண்டும் என்பதையே சரியாகக் கணிக்காத நிலைக்கு வந்திருந்தது. ஆகவே ஒரு வார இறுதியில் அனைத்தையும் 'மெசான்' என்னும் புதிய பில்ட் முறைக்கு மாற்றினேன். பழைய மேக்ஃபைலை அழித்தேன். தொகுக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

அதிலாபாத் மாவட்டத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கோண்டி அவருடைய தாய்மொழி. கருவி தவறாகப் பிரித்த சொற்களை வாரந்தோறும் திருத்தி அனுப்புவார். கணினி அவருக்குத் தொழில் அன்று. அவருடைய குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டளைகள் எழுதப்பட்டிருந்தன. புதிய பதிப்பைப் பெற 'கிட் புல்', தொகுக்க 'மேக்', சோதிக்க 'மேக் செக்'.

மாற்றத்திற்குப் பின் அவரிடமிருந்து திருத்தங்கள் வரவில்லை. ஐந்து வாரங்கள் கழிந்த பின்பே அழைத்தேன். "ஆய்வை நிறுத்திவிட்டீர்கள் என்று நினைத்தேன், அம்மா" என்றார் தெலுங்கில். மேக்ஃபைல் இல்லாத இடத்தில் மேக் கட்டளையை இட்டால் வரும் பிழைச்செய்தி 'ஸ்டாப்' என்னும் சொல்லோடு முடியும். அதைத் திட்டமே நிறுத்தப்பட்டதற்கான அறிவிப்பாக அவர் படித்திருந்தார். மாற்றத்தை நான் ரீட்மீ கோப்பில் விளக்கியிருந்தேன். ஆனால் மூன்று வரிகளால் எல்லாம் நடந்துகொண்டிருந்த ஒருவர் அக்கோப்பை ஏன் திறக்க வேண்டும்? அவர் குறை சொல்லவில்லை. விலகிக்கொண்டார். பழக்கம் உடைந்தபோது பெரும்பாலோர் செய்வது அதைத்தான்.

மொழியியல் படித்தவளுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். எள்ளின் நெய் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம். இரண்டிலும் எள் இல்லை, எவரும் குழம்புவதுமில்லை. பொருள் மாறியபோது சொல் உடன் நின்று மக்களைப் புதிய பொருளுக்கு அழைத்துச் சென்றது. உள்ளிருப்பது மாறலாம், மக்கள் வாயில் புழங்கும் சொல்லை அதனாலேயே அழிக்க வேண்டியதில்லை.

பெரிய மென்பொருள்களில் இதை அறிந்து செய்தவர்கள் உண்டு. கணினிக்குள் மற்றொரு கணினியை இயக்கும் 'க்யூஈஎம்யூ' 2020 டிசம்பரில் வெளிவந்த 5.2 பதிப்பில் மெசானுக்கு மாறியது. மூலக் கோப்புகளுக்கு நடுவிலேயே தொகுக்கும் பழைய வழி கைவிடப்பட்டது. ஆயினும் பயனர் முன்போலவே 'கான்ஃபிகர்', 'மேக்' என்று இட்டால் போதும். கான்ஃபிகர் தானே 'பில்ட்' என்னும் தனி அடைவை உருவாக்கும்; மூல அடைவில் ஒரு சிறு மேக்ஃபைலையும் எழுதி வைக்கும். அது கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும். 'மேக் செக்' என்பதும் முன்போலவே சோதனைகளை நடத்தும்.

அதைப் பார்த்து நானும் சில வரிகளில் ஒரு மேக்ஃபைல் எழுதினேன். வரும் சொல்லை மெசானின் அடியில் இயங்கும் 'நிஞ்சா'விடம் ஒப்படைப்பதே அதன் பணி. ஆசிரியரின் மடிக்கணினி உறைந்துபோனது. மேக் தன்னியல்பில் ஒரு நேரத்தில் ஒரு பணியைச் செய்யும். நிஞ்சாவோ செயலி தாங்கும் அளவுக்குப் பல பணிகளை ஒருங்கே தொடங்கும். நான்கு ஜிபி நினைவகத்தில் பல சொற்பட்டியல்கள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டால் வேறென்ன நடக்கும்?

தமிழரின் 'அவசரம்' விரைவைக் குறிக்கும். தெலுங்கரின் 'அவசரம்' தேவையைக் குறிக்கும். ஐதராபாதுக்கு வந்த புதிதில் அந்தச் சொல்லால் நான் பலமுறை தடுமாறியிருக்கிறேன். ஒலி ஒன்றாயிருந்து பொருள் வேறானால், அறியாத சொல்லைவிட அது ஆபத்தானது. என் மேக்ஃபைலும் அப்படிப்பட்ட சொல்லாகவே இருந்தது. க்யூஈஎம்யூவின் மேக்ஃபைலை மீண்டும் படித்தபோதுதான் கவனித்தேன்: பயனர் எண்ணிக்கை எதையும் கேட்கவில்லையெனில் அது நிஞ்சாவிடம் ஒரே ஒரு பணியை மட்டும் செய்யச் சொல்கிறது, எட்டு கேட்டால் எட்டையும் கடத்துகிறது. சொல்லோடு சேர்த்து அச்சொல் தந்த எதிர்பார்ப்பையும் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

பழையதைக் காப்பதற்கு விலையும் உண்டு. 1976இல் பெல் ஆய்வகத்தில் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், வரித்தொடக்கத்தில் டேப் வேண்டும் என்னும் விதி இடையூறானது என்பதை விரைவிலேயே உணர்ந்தார். அப்போதிருந்த பத்துப் பன்னிரண்டு பயனர்களைத் தொல்லைப்படுத்த விரும்பாமல் விட்டுவிட்டார். அந்த டேப் இன்றளவும் மாணவர்களைப் படுத்துகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2023இல் வந்த 16ஆம் பதிப்பில் மெசானைச் சேர்த்தபோது பழைய முறையையும் முழுமையாக வைத்துக்கொண்டது. அதனால் புதிய மூலக் கோப்பு ஒன்றைச் சேர்ப்பவர் அதை இரண்டு இடங்களிலும் பதிய வேண்டியிருக்கிறது. ஒரு பெரிய குழு அதைத் தாங்கும். தனியொரு ஆய்வாளர் தாங்கமாட்டார்.

ஆகவே நான் வகுத்துக்கொண்ட எல்லை இது. தொகுப்பு விதிகள் ஓரிடத்தில், மெசானில் மட்டுமே இருக்கும். மேக்ஃபைல் மொழிபெயர்ப்பாளராக மட்டும் இருக்கும். விதி எதையும் தாங்காது. அதன் முதல் வரியிலேயே அதை எழுதியும் வைத்திருக்கிறேன், அடுத்து வருபவர் அங்கே போய்த் திருத்தாமல் இருக்க. மெசான் நிறுவப்படவில்லை என்றால் வெறும் பிழைச்செய்தி வராது. அடுத்து இட வேண்டிய கட்டளை தெலுங்கில் வரும்.

உங்கள் கருவியை மாற்றும் முன், அதைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் நாள்தோறும் எதைத் தட்டச்சு செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருந்தால் ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்திருக்கும். கேட்காததால் ஐந்து வாரத் திருத்தங்களை இழந்தேன். அவர் இப்போது மீண்டும் அனுப்புகிறார். அந்த ஐந்து வாரச் சொற்களைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.