பட்டறையில் ஒரு மாலை

பட்டறை என்னும் சொல் கோவையில் பிறந்தவர் செவிக்குப் புதிதன்று. கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் ஓசை கேளாத தெருக்கள் குறைவு. தாம் செய்தவற்றையும் உலகெங்கும் திரட்டியவற்றையும் ஊரார் காணத் திறந்து வைத்த ஜி.டி. நாயுடு (1893–1974) வாழ்ந்த நகரமன்றோ இது! ஆயினும் ‘பொதுப் பட்டறை’ நமக்குச் சற்றே புதிது. கருவிகளைப் பலரும் பகிர்ந்துகொண்டு, எண்ணியதைத் தம் கையாலேயே செய்து பார்க்கும் இடம் அது, மேக்கர்ஸ்பேஸ் என்பர். அமெரிக்காவில் தோன்றிய இம்முயற்சி, 2002ஆம் ஆண்டளவிலேயே புணேக்கு அருகிலுள்ள பாபல் என்னும் சிற்றூரின் விஞ்ஞான ஆசிரமத்தில் வேரூன்றிவிட்டது.

அத்தகைய பட்டறை ஒன்று, மாலைப் பொழுதில் ஊராருக்குக் கதவு திறந்து, கலை குறித்துப் பேச நம்மை அழைத்தது. தமிழாசிரியருக்கு அங்கென்ன வேலை என்று நண்பர் ஒருவர் நகைத்தார். (அவர் வணிகவியல் துறையினர்; பொறுத்துக்கொண்டோம்.) இளங்கலைத் தமிழ் மாணவர் பதின்மரையும் உடனழைத்துச் சென்றோம்.

முப்பரிமாண அச்சுப்பொறியைச் சுற்றிச் சிறுவர் கூட்டம். மரவேலை மேசையருகே முதியவர் ஒருவர் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். அவ்விடத்தில் ஓவியத்தையும் சிற்பத்தையும் மட்டும் கலையெனப் பேச நமக்கு மனம் ஒப்பவில்லை. அல் ஜஸரீயிடமிருந்து தொடங்கினோம். தியார்பக்கிர் அரசவையில் பணியாற்றிய அப்பொறியாளர், 1206இல் ஐம்பது பொறிகளின் அமைப்பை விளக்கி நூலொன்றை முடித்தார். யானை வடிவக் கடிகாரம் அவற்றுள் ஒன்று. எப்படிச் செய்வது என்று காட்ட வரைந்த படங்கள் அவை. 1315இல் படியெடுத்த அந்நூலின் ஏடொன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓவியமாகப் போற்றப்படுகிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நொய்யற்கரைக் கொடுமணல் நம் அருகிலேயே இருக்கிறது. பதிற்றுப்பத்து அணிகலனுக்குப் பெயர்பெற்றதெனப் பேசும் கொடுமணம் அதுவே என்பர் அறிஞர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கு அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. பளிங்கிலும் பச்சைக்கல்லிலும் செய்த மணிகள், முடியாமல் நின்ற மணிகள், துளையிடும்போது உடைந்த மணிகள் கிடைத்தன. அதே மண்ணில், பானை ஓடுகளில், தமிழ் எழுத்துகளும் கிடைத்தன. உலையும் மணியும் எழுத்தும் ஓரூரில்!

பேச்சு முடிந்ததும், வகுப்பில் வாய் திறவாத மாணவர் ஒருவர் எழுந்தார். “மணி கடைந்தவங்கதான் எழுதுனாங்களா, ஐயா?” என்றார். அரண்மனையில் அன்று, அன்றாடம் புழங்கிய பானையிலேயே எழுத்து இருக்கிறது. ஆதலால் கைவினைஞர் வாழ்ந்த ஊருக்குள்ளேதான் அது வழங்கியது என்றோம். அவர் அமரவில்லை. தம் தந்தையார் கணபதியில் லேத் ஓட்டுபவர் என்றார். எந்திரத்தின் ஓசையைக் கொண்டே பழுது எங்கென்று சொல்லிவிடுவாராம். கல்லூரிப் படிவத்தில் தந்தை தொழிலுக்கு நேரே தாம் ‘வணிகம்’ என்று எழுதியதையும் சொன்னார்.

கம்மியர் என்னும் சங்கச் சொல்லுக்குத் தேர்வில் பொருளெழுதும் பிள்ளை, எண்ணெய்க் கறை படிந்த தந்தையின் கையை மறைக்க நேர்ந்தது ஏன்? பாடத்திட்டத்தை மட்டும் நோவதில் பயனில்லை. தமிழைப் பட்டறைக்கு வெளியே நிறுத்திப் பழகியது நம் துறைகள் அனைத்தின் வழக்கம்.

அடுத்த வாரம் அம்மாணவர், தந்தையிடம் கேட்டு எழுதிய சொற்பட்டியல் ஒன்றைக் கொணர்ந்தார். பிசிறு, கடைசல், மரை என அது நீண்டது. சங்க நூல்களில் மரை காட்டு விலங்கு. அவர் தந்தைக்கோ திருகாணியின் புரி. இரண்டும் தமிழே. பட்டியல் இப்போது நம் துறையின் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கீழே இடம் விட்டிருக்கிறோம். தொழிற்சொல் அறிந்த பெற்றோரும் பெரியோரும் வந்து எழுதிச் சேர்க்கலாம்.