பின்னால் போகும்போது ஒரு சத்தம்

வீட்டில் எழும் சத்தங்களில் எது சுபம், எது அசுபம் என்று பெண்களுக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரைண்டரில் உளுந்து பொங்கி வரும்போது ஒரு சத்தம். தண்ணீர் குறைந்து கல் தடுமாறும்போது வேறு சத்தம். கூடத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "குக்கரில் காஸ்கெட் போய்விட்டது" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அதே காது மோட்டார் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டும், ஆண்பிள்ளைகள் முகத்தில் ஒரு புன்னகை வருகிறது பாருங்கள், அதற்கு ஈடு இணை கிடையாது!

எங்கள் வீடு திருவல்லிக்கேணியில் ஒரு முட்டுச் சந்தில் இருக்கிறது. காரைத் திருப்ப இடமில்லை. மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால், மறுநாள் தெருமுனை வரையில் பின்னாலேயே போக வேண்டும். வாரத்தில் மூன்று நாள் என் மாமியாருக்கு டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். விடியற்காலை ஐந்தரைக்கு அவரை முன் ஸீட்டில் உட்காரவைத்து நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். வாடகைக் கார்க்காரர்கள் சந்துக்குள் நுழைய மாட்டேன் என்கிறார்கள். தெருமுனை வரை நடக்க அம்மாவுக்குக் காலில் தெம்பில்லை. ஆக, எங்கள் வீட்டில் ரிவர்ஸ் கியர் என்பது மருந்து மாத்திரையைப் போல.

கார் பதினொரு வருஷத்துக் கிழம். ரிவர்ஸில் 'ஙொய்' என்று ஒரு ராகம் இழுக்கும். அது பிறவிக் குணம். அதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. சென்ற ஆவணியில் அந்த ராகத்தின் நடுவே ஒரு தாளம் சேர்ந்துகொண்டது. டக், டக், டக் என்று, கடலை உடைக்கிறாற்போல. கார் மெல்லப் போனால் மெல்ல. வேகமாகப் போனால் வேகமாக. முன்னால் போகும்போது மூச்சுக் காட்டவில்லை.

"ரிவர்ஸ் என்றாலே சத்தம்தான். நீ ரேடியோவைப் போட்டுக்கொள்" என்றார் என் வீட்டுக்காரர். வழக்கமாகக் கார் விடும் பெரிய ஒர்க்ஷாப்பில் ஓர் இளைஞர், "மேடம், எல்லா வண்டியும் இப்படித்தான் கத்தும்" என்று சொல்லி, கழுவி மட்டும் அனுப்பிவிட்டார்.

அந்த இளைஞர் சொன்னதில் பாதி வாஸ்தவம். முன்னால் போகும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு பல் ஓரத்தில் தொட்டு, மெல்ல வழுக்கி, பிறகுதான் முழுவதும் பொருந்தும். அதனால் சத்தம் அடங்கியிருக்கும். ரிவர்ஸ் கியருக்கோ பல கார்களில் நேர்ப் பற்கள்; பல்லின் முழு அகலமும் ஒரே சமயத்தில் மோதும். அதுதான் அந்த 'ஙொய்'. போதாததற்கு, சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டுமானால் இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவில் மூன்றாவது ஒன்று நுழைய வேண்டும், இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே தரகர் நுழைகிறாற்போல. அதற்கு 'ஐட்லர்' என்று பெயர். முன்னால் போகிற வரையில் எங்கள் கார் மாதிரி வண்டிகளில் அது யாரையும் தொடாமல் ஒதுங்கியிருக்கும். (மின்சாரக் காரில் இந்த உபத்திரவமே கிடையாதாம். மோட்டாரையே எதிர்ப்புறமாகச் சுற்றவிடுகிறார்கள். வாங்கப் பணம் வேண்டுமே!)

மூன்று வாரம் பொறுத்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ராயப்பேட்டையில் ஒரு வேப்பமரத்தடியில் ஷெட் வைத்திருக்கும் பாயிடம் போய் நின்றேன்.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. டாக்டர் மாதிரி கேள்விதான் கேட்டார். "கியர் போடும்போது சத்தமா அம்மா, போட்டு நகரும்போதா?"

"நகரும்போதுதான் பாய்."

போடும்போது 'கர்ர்' என்றால் கிளட்ச் முழுவதும் விடவில்லை, அல்லது கார் முழுவதும் நிற்கவில்லை என்று அர்த்தமாம். நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் இருந்து, கிளட்சை மிதித்ததும் மறைந்தால் கியர்பெட்டிக்குள் இருக்கும் பேரிங். மிதித்தால் மட்டும் வந்தால் கிளட்ச் பேரிங். இரண்டும் இல்லை என்றதும், நியூட்ரலில் வைத்துப் பையன்களைப் பின்பக்கமாகத் தள்ளச் சொன்னார். கார் பூனை மாதிரி நகர்ந்தது. "பிரேக்கும் சக்கரமும் சுத்தம்" என்றார்.

பிறகு தாமே ஏறி ரிவர்ஸில் எடுத்தார். கார் ஓடும்போதே கிளட்சை மிதித்தார். என்ஜின் வேகம் தணிந்தது. டக், டக் நிற்கவில்லை. கார் நிற்க நிற்கத்தான் அதுவும் நின்றது.

"என்ஜினோடு போகவில்லை, சக்கரத்தோடு போகிறது. ரிவர்ஸில் மட்டும். ஐட்லரில் பல் போயிருக்கும். எண்ணெயை இறக்கிப் பார்ப்போம்."

கியர்பெட்டியின் அடி மூடியில் ஒரு காந்தம் இருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை, பழைய வண்டிக்கு அது சகஜம். எங்கள் காந்தத்தில் அரிசி நொய் போல மின்னும் இரும்புத் துணுக்குகள்! இவற்றில் ஒன்று வேகமாகப் போகும்போது வேறு கியர்ப் பற்களுக்கு நடுவே சிக்கினால் சக்கரமே இறுகிவிடக்கூடும் என்று பாய் சொன்னபோது, முன் ஸீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் அம்மாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

கூலி, சாமான், எண்ணெய் சேர்த்துப் பதினாறாயிரம் என்றார். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கார் வேண்டும் என்றேன். ஞாயிறு கடை மூடல். திங்கள் மத்தியானம்தான் சாமான் கிடைத்தது. இரவு ஒன்பது மணிக்கு விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பெட்டியை ஏற்றினார்கள்.

பல் ஏன் உடைந்தது? முன் கியர்களில் ஸிங்க்ரோமெஷ் என்ற ஏற்பாடு உண்டு. 1928-ல் காடிலாக் காரில் முதன்முதலில் வந்தது. இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் சமமாக்கிய பிறகே சேர விடும். எங்கள் காரின் ரிவர்ஸ் கியருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கார் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ரிவர்ஸைத் தள்ளினால் பல்லின் ஓரம் நேராகப் போய் இடிக்கும். கார் நிற்க வேண்டும், கிளட்சை அழுத்தி மூன்று எண்ண வேண்டும், பிறகுதான் போட வேண்டும். நான் எண்ணுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறி மார்க்கெட்டில் இடம் பிடிக்கிற அவசரத்தில் எண்ணாதவர் யார் என்பதை நான் எழுதப் போவதில்லை. அவரே இப்போது வாய்விட்டு "ஒன்று, இரண்டு, மூன்று" என்கிறார்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்குச் சந்தில் பின்னால் எடுத்தேன். 'ஙொய்' மட்டும்தான். "சத்தம் போகவில்லையே?" என்றார் அம்மா. "இது இருக்க வேண்டிய சத்தம் அம்மா" என்றேன்.

உடைந்த ஐட்லரைப் பாய் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார். உள்ளங்கையளவு சக்கரம், வரிசையாக இரண்டு பல் மூளி. அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல கனமாயிருக்கிறதே என்று, மின்விசிறிக் காற்றில் பறக்கும் தம் ஆஸ்பத்திரிச் சீட்டுகளின் மேல் வைத்துக்கொண்டார்.