எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல...

டி.வி-யில் ‘ரிக்டர் அளவில் 8’னு ஃப்ளாஷ் நியூஸ் ஓடினா என்ன பண்ணுவீங்க? ‘எட்டுதானே, ஒன்பது இல்லையே’ன்னு சேனலை மாத்திடுவீங்க. செமஸ்டர் கிரேடு மாதிரி ஒரே ஒரு பாயின்ட்தான் வித்தியாசம்னு நினைப்பு!

மேட்டரே அங்கேதான் இருக்கு பாஸ். 1935-ல் கலிஃபோர்னியாவில் சார்லஸ் ரிக்டர் உருவாக்கிய அளவுகோல் இது. ஒரு எண் கூடினால், கருவி வரைகிற அதிர்வுக் கோடு பத்து மடங்கு பெரிசாகும். வெளியாகிற ஆற்றலோ சுமார் 32 மடங்கு! ரெண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு.

இது வெறும் கணக்கு இல்லைன்னு எனக்குப் புரியவெச்ச நாள், 2004 டிசம்பர் 26. ஞாயிறு காலை ஆறரை மணி வாக்கில், சென்னையில் என் கட்டில் லேசா ஆடிச்சு. அவ்ளோதான்! ஆனா, அதே நேரம் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் 1,200 கிலோமீட்டருக்கும் மேல் பாறை பிளந்துக்கிட்டிருந்தது.

ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி மையம், கால் மணி நேரத்தில் சொன்ன முதல் எண் 8.0. அப்புறம் 8.5. பல மணி நேரம் கழிச்சுதான் 9.0. கடைசியில் 9.1. முதல் எண்ணைவிட நிஜம் சுமார் 45 மடங்கு பெரிசு!

ஏன் இந்தக் குழப்பம்? முதலில் வந்து சேரும் வேகமான அலைகளை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டா, ராட்சச நிலநடுக்கம்கூட சின்னதாத்தான் தெரியும். பிளவின் பரப்பு, பாறை நகர்ந்த தூரம், பாறையின் உறுதி மூணையும் சேர்த்துக் கணக்கிடும் ‘மொமென்ட் மேக்னிட்யூட்’தான் நிஜ பலத்தைச் சொல்லும். இன்னிக்கு விஞ்ஞானிகள் பெரிய நிலநடுக்கங்களுக்குப் பயன்படுத்துறது அதைத்தான். நியூஸில்தான் இன்னும் ரிக்டர் பெயர் ஓடுது.

நம்ம கரையை அலை தொட ரெண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆச்சு. ஆனா, அன்னிக்கு இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாத்தில் மையம் வந்தது 2007-ல்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், முதல் எண்ணை முடிவான எண்ணா எடுத்துக்காதீங்க. எச்சரிக்கை வந்தாலோ, கடல் திடீர்னு உள்வாங்கினாலோ, ‘ரிக்டர் எவ்ளோ?’ன்னு செல்போனை நோண்டிட்டு நிக்காதீங்க. மேடு பார்த்து ஓடுங்க. எண்ணை அப்புறம் பார்த்துக்கலாம்!