எத்தனை கையெழுத்து?

34 வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரு கோப்பில் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், முதல் ஆள்தான் படிப்பார். மற்ற நால்வரும் அவர் கையெழுத்தைப் பார்த்துப் போடுவார்கள். பிரெஞ்சுப் பத்திரங்களில் கையொப்பத்துக்கு மேலே 'லூ எ அப்ரூவே' என்று கைப்பட எழுதும் வழக்கம் உண்டு. 'படித்தேன், ஒப்புக்கொண்டேன்' என்று பொருள். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் எங்கள் புதுச்சேரியில் பலர் இதை எழுத என்னிடம் வருவார்கள். படித்துவிட்டு எழுதியவர்கள் குறைவு.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம் டெபியன். என் பழைய கணினியில் பேரன் போட்டுத் தந்த இலவச இயங்குதளம். 1993-இல் இயான் மர்டாக் தொடங்கிவைத்தார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் திருத்தியதை உள்ளே ஏற்ற அனுமதி வேண்டும். ஏற்றியது எண்ணற்ற கணினிகளுக்குப் போகும் அல்லவா?

அந்த அனுமதி வாங்குவது முன்பு பெரும்பாடு. உறுப்பினர் ஒருவரை நேரில் சந்தித்து அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பிறகு ஒருவர் கொள்கை, உரிமம், தொழில்நுட்பம் என்று மாதக்கணக்கில் கேள்வி கேட்பார். அதன்பின் இன்னும் இரண்டு மேசை. 1999 அக்டோபரில் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டு, 2000 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தார்கள். ஒரே ஒரு சின்ன நிரலைக் கவனித்துக்கொள்ள வந்தவருக்கும் வீடு முழுவதற்கும் சாவி வாங்குபவருக்கும் ஒரே தேர்வு. நான் வேலை பார்த்த இடத்தில் குண்டூசி வாங்கவும் கட்டடம் கட்டவும் ஒரே படிவம் இருந்தது. அதே கதைதான்.

2007-இல் வாக்கெடுப்பு நடத்தி மாற்றினார்கள். ஓர் உறுப்பினர் பரிந்துரைத்தால் போதும், குறிப்பிட்ட நிரல்களை மட்டும் ஏற்றலாம், வாக்குரிமை கிடையாது. 2010-இல் மொழிபெயர்ப்பாளர்கள் போன்றோருக்கு நேர்மாறாக ஒரு வழி: வாக்குரிமை உண்டு, ஏற்றும் உரிமை இல்லை. கையெழுத்தைக் குறைத்தார்கள் என்பதைவிட, சாவிக்கொத்தைப் பிரித்தார்கள் என்று சொல்வேன். எங்கள் மேலதிகாரிகளுக்கு இது கடைசிவரை தோன்றவில்லை.

"இப்படித் தளர்த்தினால் திருடன் நுழைய மாட்டானா?" என்று பேரனைக் கேட்டேன். எக்ஸ்இசட் கதையைச் சொன்னான். அது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நிரல். டெபியனுக்கு வெளியே தயாராவது. ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உழைத்து, களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியிடும் உரிமையையும் வாங்கி, 2024-இல் அதில் கள்ளக்கதவு வைத்துவிட்டார். டெபியனின் சோதனைப் பதிப்பு வரை அது வந்துவிட்டது. அத்தனை பொறுமை உள்ளவர் பத்துப் படிவம் கொடுத்தாலும் நிரப்பியிருப்பார். பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். அந்த நிரலில் அவருக்கு எந்தப் பதவியும் இல்லை. தன் கணினியில் உள்நுழைய அரை வினாடி கூடுதலாகிறதே என்று உட்கார்ந்து தோண்டியிருக்கிறார்.

பேரன் இப்போது அந்தச் சின்னச் சாவிக்கு விண்ணப்பிக்கிறான். உறுப்பினர் ஒருவரைப் பார்க்க அடுத்த வாரம் பெங்களூர் போகிறான். பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.