ஆஃப்னா நிஜமாவே ஆஃப் தானா?

மக்களே, இந்தப் பதிவு பியர்ல ஆரம்பிச்சு கரண்ட்டுல முடியும். ஓடறவங்க இப்பவே ஓடிடலாம் :-)

அமெரிக்காவுல வீட்டுலயே பியர் காய்ச்சுறது நிறைய பேருக்கு ஒரு பொழுதுபோக்கு. 1978-ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்து போட்ட சட்டம் இதுக்கு வழி விட்டுச்சு. மாநிலங்கள்ல கடைசியா ஒத்துக்கிட்டது அலபாமாவும் மிசிசிப்பியும், 2013-ல. ரெண்டு பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும் காய்ச்சலாம். விக்கத்தான் கூடாது.

வழக்கமா கொல்லைப்புறத்துல கேஸ் அடுப்பை வெச்சுக் காய்ச்சுவாங்க. பனி கொட்டுற மாசங்கள்ல வெளியில நிக்க முடியாது. அதே அடுப்பை வீட்டுக்குள்ள கொண்டு வந்தா கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்னுடும். அதனால நான் கரண்ட்டுக்கு மாறினேன்.

ஏற்பாடு ரொம்ப சிம்பிள். 10 கேலன் எவர்சில்வர் அண்டா. அடிப்பக்கமா ஓட்டை போட்டு மாட்டின 5500 வாட் ஹீட்டர். நம்மூர்ல பக்கெட்டுல தொங்கவிடுவோமே வாட்டர் ஹீட்டர் ராடு, அதோட பெரியண்ணன்னு வெச்சுக்குங்க. 240 வோல்ட்ல இது கிட்டத்தட்ட 23 ஆம்ப் இழுக்கும். 30 ஆம்ப் பிரேக்கரும் 10 கேஜ் காப்பர் ஒயரும் வேணும். துணி காயவைக்கிற டிரையருக்கான பிளக் பாயின்ட்டே போதும். ஆனா பழைய வீடுகள்ல அது மூணு துளையா இருக்கும், தனியா எர்த் இருக்காது. அதைத் தொடவே வேணாம். நாலு துளை இருக்கிறதுதான் நமக்கு.

'சாதா 120 வோல்ட்ல போட்டா என்ன?' போடலாம். ஆனா வோல்ட் பாதியானா வாட் கால்வாசி ஆயிடும், வெறும் 1375. 26 லிட்டர் தண்ணியை 20 டிகிரியில இருந்து 67-க்கு ஏத்த 240-ல கால் மணி நேரம் போதும். 120-ல ஒரு மணி நேரத்துக்கு மேல தேவுடு காக்கணும்.

அதென்ன 67? மால்ட் பார்லியில இருக்கிற மாவுச்சத்தை சர்க்கரையா மாத்துறது ரெண்டு நொதிகள். ஒண்ணுக்கு 60-65 டிகிரி பிடிக்கும், இன்னொண்ணுக்கு 70 பக்கம். சூடு குறைஞ்சா பியர் தண்ணியா, வறண்டு இருக்கும். ஏறினா கொழகொழன்னு இனிக்கும். ரெண்டு மூணு டிகிரியில ருசியே மாறிடும்.

இதைப் பிடிச்சு நிறுத்துறதுதான் பிஐடி கன்ட்ரோலர். அண்டாவுல இருக்கிற சென்சார் சூட்டைச் சொல்லும். இலக்கை நெருங்க நெருங்க பிஐடி ஹீட்டரை விட்டு விட்டுப் போடும். நேரடியா 23 ஆம்ப்பை அதால தாங்க முடியாது. அதனால எஸ்எஸ்ஆர்னு ஒரு எலக்ட்ரானிக் சுவிட்சை வெச்சு வேலை வாங்கும். எஸ்எஸ்ஆரே 30 வாட் அளவுக்குச் சூடாகும், பின்னாடி அலுமினிய ஹீட் சிங்க் கட்டாயம். கொதிக்க வைக்கும்போது மட்டும் பிஐடியை மேனுவல்ல போட்டுடணும். கொதிக்கிற தண்ணியோட டிகிரி ஏறாது, அதுக்கு ஒண்ணும் புரியாது. 60 சதவீதம்னு வெச்சா ரெண்டு செகண்டுல 1.2 செகண்ட் ஓடும். அவ்ளோதான்.

இனிமே தான் மேட்டர். காய்ச்சி முடிச்சதும் அண்டாவைக் கழுவணும். ஹீட்டர் அண்டாவுக்குள்ளயே இருக்கு. தங்கமணி பெட்டியைப் பார்த்துட்டு கேட்டாங்க: "ஏங்க, இதுல ஆஃப்னு காட்டுது. நான் உள்ள கையை விட்டுத் தேய்க்கலாமா?"

தேய்க்கக் கூடாது. காரணம் மூணு.

1. எஸ்எஸ்ஆர் ஆஃப்ல இருந்தாலும் சில மில்லி ஆம்ப் கசியும்.

2. அமெரிக்க 240-ல ரெண்டு ஒயருமே உயிரோட இருக்கிறது. எஸ்எஸ்ஆர் ஒண்ணைத்தான் வெட்டும். இன்னொண்ணு 120 வோல்ட்டோட ஹீட்டர்லயே உட்கார்ந்திருக்கும்.

3. எஸ்எஸ்ஆர் செத்தா பெரும்பாலும் ஆன் நிலையிலதான் சாகும். பிஐடி ஆஃப்னு காட்டிக்கிட்டே இருக்கும், ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

அதனால பிஐடிக்கு முன்னாடி ரெண்டு லைனையும் சேர்த்து வெட்டுற கான்டாக்டர் ஒண்ணு, அதுக்குத் தனி சுவிட்ச். அண்டாவுக்கும் பெட்டிக்கும் எர்த். எல்லாத்துக்கும் முன்னாடி ஜிஎஃப்சிஐ பிரேக்கர். போற கரண்ட்டும் வர்ற கரண்ட்டும் 5 மில்லி ஆம்ப் அளவுக்கு வித்தியாசப்பட்டாலே அது விழுந்துடும். 100 மில்லி ஆம்ப் இதயத்தைத் தாறுமாறா துடிக்க வெச்சு ஆளை முடிச்சுடலாம், அதோட ஒப்பிட்டுப் பாருங்க. சுடுதண்ணி ஸ்பாவுக்குன்னு விக்கிற ஸ்பா பேனல்ல இது சேர்ந்தே வருது. ஆனா ரெண்டு லைனையும் ரெண்டு கையால தொட்டா ஜிஎஃப்சிஐக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அது காப்பாத்தாது.

காய்ச்சுற நாள்ல முதல் வேலை, ஜிஎஃப்சிஐயோட டெஸ்ட் பட்டனை அமுக்குறது. விழலைன்னா அன்னிக்கு பியர் கிடையாது. கடைசி வேலை, பிளக்கை உருவி எல்லாரும் பார்க்கிற மாதிரி அண்டா மூடி மேல வைக்கிறது. பிளக் மூடி மேல இருந்தா தங்கமணி தேய்க்கலாம். (நான்தான் தேய்ப்பேன்னு சொல்லிட்டாங்க, அது வேற கதை.)

டிஸ்கி 1: தமிழ்நாட்டுல வீட்டுல பியர் காய்ச்சுறது 1937 மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்க இருக்கிறவங்க படிச்சதோட நிறுத்திக்கோங்க.

டிஸ்கி 2: இது அமெரிக்க வயரிங் கதை. இங்கிலாந்துல 230 வோல்ட், ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல். எங்க இருந்தாலும் பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.