மொச்சை உரித்த மாலை

நம் பெண் பெரியவளான செய்தியை ஊருக்கு அறிவிப்பதில் நாம் ஒரு குறையும் வைக்கவில்லை. தெருமுனையில் அவள் படம் போட்ட பதாகை, ஒலிபெருக்கி, தாய்மாமன் சீர், வேளை தவறாமல் உளுந்தங்களி, நல்லெண்ணெய் எல்லாம் நடந்தன. ஊருக்கே சொன்ன விஷயத்தை அவளுக்குத்தான் விளக்கிச் சொல்லவில்லை! அவள் கேட்டபோது, "எல்லாம் போகப் போகத் தெரியும்" என்றோம். நம் தாயார் நமக்கு அருளிய உபதேசமும் அதுவே.

தெரியத்தான் தெரிந்தது, சொல்லிக் கொடுத்தவர்கள் வேறு. மூன்றாம் மாதம் நாள் தள்ளிப் போயிற்று. பள்ளித் தோழிகளின் சபை கூடி ஆராய்ந்து, பஸ்ஸில் ஒரு பையன் கையைப் பிடித்ததே காரணம் என்று தீர்ப்புக் கூறிவிட்டது. ஒருநாள் கொல்லையில் அவள் அழுதுகொண்டே பப்பாளிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேறொருத்தி ஏதாவது மாத்திரையைக் கொடுத்திருந்தால்? நமக்கு வயிறு பகீரென்றது.

அன்று மாலை மொச்சை உரிக்க உட்கார்ந்தோம். கைக்கு வேலை இருந்தால் முகம் பார்க்காமல் பேசலாமல்லவா? முதல் வாக்கியம் வருவதற்குள் கால்படி மொச்சை உரித்தாயிற்று. முதல் இரண்டு வருஷங்கள் நாள் முன்பின்னாவது சகஜம். கையைப் பிடித்தால் கர்ப்பம் உண்டாகாது. எப்படி உண்டாகும் என்பதையும் சொன்னோம். 4 முதல் 6 மணி நேரத்துக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டும் என்றோம். பிடிக்காமல் எவன் தொட்டாலும் குற்றம் அவனுடையதே. 18 வயது நிறையாதவர்களைக் காக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்திருக்கிறது, 1098 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது என்றோம்.

வீட்டு எஜமானர் இதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நழுவிவிட்டார்.

"அம்மா, அந்தப் பையனோடு பேசாவிட்டால் எங்கள் கூட்டத்தில் என்னைச் சேர்க்க மாட்டார்களாம்" என்றாள் பெண். இதற்கு நம்மிடம் தயாராக விடையில்லை. நெடுநேரம் யோசித்து, "எங்கள் அம்மா ஒரு ராட்சசி, தோலை உரித்துவிடுவாள் என்று பழியை என் தலையில் போட்டுவிடு" என்றோம். பல நாளைக்குப் பிறகு அப்போதுதான் அவள் சிரித்தாள்.

கூடத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை புத்தகமும் கையுமாக இருந்தான். அரைமணி நேரமாக ஒரு பக்கமும் புரளவில்லை.

"நீயும் வாடா, மொச்சை இன்னும் மீதி இருக்கிறது" என்று கூப்பிட்டோம்.